குழல் வாயில் இரண்டு வளையங்கள்

கோவில்பட்டி
14.7.2025

உரிமையாளர் அவர்கள்,
மந்திரமூர்த்தி அன் சன், துப்பாக்கி விற்பனையாளர்,
திருநெல்வேலி.

ஐயா,

போன மாதம் உங்கள் கடையில் பன்னிரண்டு போர் அளவு இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். என் பெயர் பூவனலிங்கம். சொந்த ஊர் பசுவந்தனை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கோவில்பட்டியில் ஒரு நகைக்கடன் கம்பெனி வாசலில் காவல் நிற்கிறேன். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் இந்த வேலை கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நீங்கள் எனக்கு விற்றது புதுத் துப்பாக்கி இல்லை என்று நினைக்கிறேன்.

வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த அன்று மேனேஜரிடம் காட்டுவதற்காக வெயிலில் வைத்து உறையைக் கழற்றினேன். குழல் வாய் இரண்டையும் சுற்றி வளையமாக வெளிறிப்போயிருந்தது. மற்ற இடமெல்லாம் கருநீலம், வாயில் மட்டும் சாம்பல் நிறம். இடது குழலில் அந்த வெளிறல் ஒரு கோடாகக் கீழே இறங்கியிருக்கிறது. அடிக்கட்டையின் இரும்புத் தகட்டில், திருகாணிக்குப் பக்கத்தில் ஒரு கீறல். சுடுவதற்கு இதெல்லாம் இடைஞ்சல் இல்லை, மேலழகுதானே என்று நீங்கள் சொல்லலாம். மேலழகும் சேர்ந்ததுதானே புதுசு?

கடையில் காட்டும்போது தலை முதல் கால் வரை கிரீஸ் அப்பி வைத்திருந்தீர்கள். அப்போது அது ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது.

மேனேஜர் நவநீதகிருஷ்ணன் வயதில் சின்னவர். குனிந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, புதுசுன்னீங்க. யாரோ ஆண்டு முடிச்சது மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்கு மூஞ்சி செத்துப்போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துப்பாக்கி வேண்டாம் என்று என் வீட்டுக்காரி ஒற்றைக்காலில் நின்றாள். மீறித்தான் வாங்கினேன். அதோடு பேச்சு நின்றுபோய், இங்கே கடலைமிட்டாய்க் கடை மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எவனோ கழித்துப்போட்டதைத்தான் இத்தனை சண்டை போட்டு வாங்கினேன் என்று தெரிந்தால், அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன்?

துப்பாக்கியை மாற்றித் தாருங்கள். இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுவேன். போனில் பேசினால் காற்றோடு போய்விடும் என்பதால்தான் ரிஜிஸ்டர் தபால்.

இப்படிக்கு,
பூவனலிங்கம்


திருநெல்வேலி
18.7.2025

பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு,

"ஐயா" என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, பலகை மேல். ஆண்பிள்ளை பிறக்கும் என்று நம்பி அப்பா மந்திரமூர்த்தி "அன் சன்" என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார். பிறந்தது நான். நீங்கள் வந்த அன்று கல்லாவில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். கணக்கெழுதுகிற பெண் என்று நினைத்து, "முதலாளி எப்போ வருவாரு?" என்று என்னிடமே கேட்டீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அடித்தகட்டுக் கீறல் என் கைவேலை. நீங்கள் பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பார்த்தால் திருகாணி லேசாக ஆடியது, முறுக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிவிட்டது. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தகட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றித் தருகிறேன்.

வளையம் என்னுடையது இல்லை. கிரீஸ் தொழிற்சாலையில் பூசியது. துருப் பிடிக்காமல் இருக்க எல்லாத் துப்பாக்கிக்கும் பூசித்தான் அனுப்புவார்கள். பெட்டியின் சீலை உங்கள் கண் முன்னால்தான் உடைத்தேன்.

கலெக்டர் ஆபீசுக்கு எழுதுவது உங்கள் உரிமை. கடை லைசென்ஸைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிற சமயம். பழையதைப் புதுசென்று விற்றாள் என்று ஒரு மனு போனால் எனக்கு நல்ல அடிதான். அதற்காகக் கெஞ்சமாட்டேன். நான் விற்றது புதுசு.

ஆனால் அண்ணாச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. எலி கடித்த கட்டை பார்த்திருக்கிறேன், வியர்வைக் கை பட்டு விரல் விரலாகத் துருவேறிய குழல் பார்த்திருக்கிறேன். குழல் வாயில் வளையம் இதுவரை பார்த்ததில்லை. அது முழு வளையமா, பாதியா? வெளிப்பக்கம் மட்டுமா, உள்விளிம்பிலும் இருக்கிறதா? மடக்கித் திறந்து குழலுக்குள் பாருங்கள், புகைக்கரி தெரிகிறதா? அந்தக் கோடு எவ்வளவு தூரம் இறங்குகிறது?

முடிந்தால் துப்பாக்கியோடு ஒரு நடை வாருங்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு வர ஆளில்லை.

ராதாமணி


கோவில்பட்டி
22.7.2025

அம்மா,

முதலாளியை முதலாளியிடமே கேட்டதற்கு மன்னிக்கவும். ஆனால் மாட்டிக்கொண்டதும் சிரித்துப் பேசுகிறவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கீறலை ஒப்புக்கொண்டீர்கள், நல்லது. சின்னதை ஒப்புக்கொண்டால் பெரியதைத் தட்டிக்கழிக்கலாம் என்றும் ஒரு வழி உண்டு.

துப்பாக்கியோடு பஸ் ஏற முடியாது. அதாவது முடியும், ஆனால் போன தடவை கொண்டுவந்தபோது பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேலையில் சேர்ந்த புதிதில் லீவும் கேட்க முடியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பதில் எழுதுவதால் உங்களை நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை.

வளையம் முழுசு, இரண்டு குழலிலும். வெளி விளிம்பில் அகலமாகவும் உள்விளிம்பில் நூல் மாதிரியும் இருக்கிறது. குழலுக்குள் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. கரியும் இல்லை, ஈயத் தடமும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கி துடைத்தவன் நான், இதில் ஏமாற மாட்டேன். உள்ளே பார்த்தால் ஒரு தோட்டாகூடப் போகாத குழல். வெளியே பார்த்தால் எவனோ வாயைப் பிடித்துத் தேய்த்த குழல். இது எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது.

நேற்று எதிர்க்கடையில் ஒரு பூதக்கண்ணாடி இரவல் வாங்கிப் பார்த்தேன். இடது குழலில் இறங்குகிற கோடு வாய்ப்பக்கம் ஒல்லியாகத் தொடங்கி, ஒரு சாண் கீழே வந்து சொட்டு மாதிரி பருத்து நிற்கிறது. மழைக்காலத்தில் ஜன்னல் கம்பியில் தண்ணீர் இறங்கி நிற்குமே, அந்த மாதிரி. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குப் படம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஆடிக்காற்று தூக்கி அடிக்கிறது. கம்பெனி வாசலில் நின்றால் கரிசல் காட்டுப் புழுதி முழுக்க வாய்க்குள். அந்தப் புழுதிதான் காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் வாசலில் நிற்பதற்கு முந்தியே வளையம் வந்துவிட்டது.

மாற்றித் தருவீர்களா, மாட்டீர்களா?

பூவனலிங்கம்


திருநெல்வேலி
26.7.2025

அண்ணாச்சி,

படம் நன்றாகவே இருக்கிறது. துப்பாக்கி கொஞ்சம் புடலங்காய் மாதிரி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதை வைத்து மூன்று நாளாக யோசிக்கிறேன். நான் சொல்வது சரிதானா என்று பாருங்கள். கோடு கீழே வரவர ஒல்லியாகி மறைந்திருந்தால் எதுவோ உரசியது என்று வைத்துக்கொள்ளலாம். அது பருத்துச் சொட்டாக நிற்கிறது. ஆகவே ஏதோ தண்ணியாக இருந்திருக்கிறது, வழிந்திருக்கிறது. வாயிலிருந்து அடிப்பக்கம் வழிந்ததென்றால் அந்த நேரம் துப்பாக்கி நிமிர்ந்து நின்றிருக்கிறது.

என் கடையிலும் துப்பாக்கி நிமிர்ந்துதான் நிற்கும். ஆனால் மேலே ஒரு மரச்சட்டம், அதில் துளை, துளைக்குள் கம்பளித்துணி. குழல் வாய் அந்தத் துணிக்குள் போய்விடும். வெளியிலிருந்து ஒரு சொட்டு விழ வழியில்லை. உங்கள் துப்பாக்கி அந்தச் சட்டத்துக்கே வரவில்லை, பெட்டியிலிருந்து நேராக உங்கள் கைக்கு வந்தது.

ஆகவே இப்போது நான் கேட்கிற முறை. கிரீஸை எங்கே வைத்துத் துடைத்தீர்கள்? எதனால் துடைத்தீர்கள்? துடைத்த பிறகு எண்ணெய் பூசினீர்களா? துடைக்கும்போது வளையம் இருந்ததா? கோவில்பட்டிக்குக் கொண்டுவரும் வரை துப்பாக்கி எங்கே, எப்படி நின்றது? பக்கத்தில் யார் யார் இருந்தார்கள்?

போலீஸ்காரி மாதிரி கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் கடை பெயர் இதில் இருக்கிறது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இது என்னவென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிகாரத்தைக் கழற்றிப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

ராதாமணி


கோவில்பட்டி
31.7.2025

அம்மா,

சுற்றிவளைத்து என் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள். கெட்டிக்காரி.

துப்பாக்கியை வாங்கின அன்று சாயங்காலமே பசுவந்தனையில் என் வீட்டில் வைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கரண்டு மங்கலாக இருந்தது. வளையம் இருந்ததா இல்லையா என்று சத்தியம் பண்ண முடியாது. துப்பாக்கி எண்ணெய் வாங்க மறந்திருந்தேன், தேங்காய் எண்ணெயைத் தடவ மனம் வரவில்லை. அதனால் காய்ந்தபடியே பீரோவில் சேலைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பூட்டினேன். ஒரு வாரம் அங்கே நின்றது. நிமிர்ந்துதான் நின்றது, ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குக் கிளம்பின அன்று சண்டை முற்றிப்போய், பிரித்துப் பார்க்காமல் உறைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். ஒன்று என் வீட்டுக்காரி ஆவுடைத்தாயிடம். உடனே அவள்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். துப்பாக்கி வீட்டுக்குள் வந்த அன்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருவத்திரெண்டு வருசம் போன் மணியடிச்சா எடுக்கவே பயந்துகிட்டு நிப்பேன், என்ன சேதியோன்னு. இப்பந்தான் நிம்மதியா ஆட்டப் பத்திக்கிட்டுக் கெடக்கேன். அதுக்குள்ள இந்தச் சனியன வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டிய. நான் இதக் கையால தொட மாட்டேன்." சொன்னால் சொன்னதுதான். அவள் அந்த ஒரு வாரமும் பீரோவைத் திறக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சேலை எடுத்தாள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வேறு யாருமில்லை. தொடமாட்டேன் என்றவள் தொட்டிருக்க மாட்டாள். ஆகவே மிச்சம் இருப்பது உங்கள் கடையும் தொழிற்சாலையும்தான்.

என் குடும்பத்தை இதில் இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. மனுவை எழுதி முடித்துவிட்டேன். கவரில் போட்டு ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். உங்கள் அடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுவதாக இருக்கிறேன்.

பூவனலிங்கம்


திருநெல்வேலி
6.8.2025

அண்ணாச்சி,

ஸ்டாம்பு ஒட்டிவிட்டீர்கள் என்று படித்ததும் பயந்துவிட்டேன், உண்மை. அப்பா போன பிறகு இந்தக் கடையைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பயத்தில் உட்கார்ந்திருப்பதைவிட ஏதாவது செய்து பார்ப்போம் என்று தோன்றியது.

உள்ளே எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்ட, ஒரு பழைய குழலை இரண்டு துண்டாக அறுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு துண்டுக்குக் கிரீஸ் பூசினேன். மற்றதை மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவிட்டேன், நீங்கள் செய்த மாதிரியே. பிறகு சமையலறையில் என்னென்ன தண்ணியாக இருக்கிறதோ அத்தனையையும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். உப்புத்தண்ணீர், மோர், புளிக்கரைசல், கஞ்சி. காலையில் வந்து பார்த்தால் உப்புத்தண்ணீர் விட்ட இடத்தில் செந்துரு. மோர் பட்ட இடம் நாறியது. புளி கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. ஆனால் நீங்கள் சொன்ன சாம்பல் வெளிறல் எதிலும் சரியாக வரவில்லை.

அப்போதுதான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் சரஸ்வதி பூஜை முடிந்த வாரம் நாலைந்து பேராவது வருவார்கள். "பொட்டு வச்ச எடத்துல மருந்து போயிட்டும்மா" என்பார்கள். எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். அவர்கள் மருந்து என்பது குழலின் கருநீலப் பூச்சைத்தான், பழச்சாறு அதைத் தின்றுவிடும்.

இரண்டு எலுமிச்சையை நாலாகக் கீறி, குங்குமம் அடைத்து, இரண்டு துண்டின் வாயிலும் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், துடைத்த துண்டில் அச்சு அசலாக உங்கள் படம். வெளியே அகல வளையம், உள்ளே நூல் வளையம், ஒரு பக்கம் வழிந்து சொட்டாக நின்ற கோடு. கிரீஸ் பூசின துண்டில் ஒன்றுமே ஆகவில்லை. அதாவது இது நடந்தது நீங்கள் கிரீஸைத் துடைத்த பிறகு. அதாவது உங்கள் பீரோவில்.

வளையம் விழுந்த துண்டை இந்தப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் மனுவைத் தாராளமாகப் பெட்டியில் போடுங்கள்.

பொருந்திவிட்டால் எனக்கு ஒன்றைத் தெரிந்து சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு வைக்கிறவர்கள் கட்டையிலும் விசைக்கு மேலேயும்தான் பொட்டு வைப்பார்கள். குழல் வாயை யாரும் பழத்தால் அடைத்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆவுடைத்தாய் அக்கா துப்பாக்கிக்குப் பூஜை செய்யவில்லை அண்ணாச்சி. வேறு ஏதோ செய்திருக்கிறார்கள். என்ன அது?

ராதாமணி


கோவில்பட்டி
12.8.2025

தங்கச்சி ராதாமணிக்கு,

பொருந்திவிட்டது. மனுவைக் கிழித்துப் போட்டேன். உன் கடை மேல் சந்தேகப்பட்டது என் தப்பு. மேனேஜரிடமும் புதுத் துப்பாக்கிதான் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டில் நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

நீ கேட்ட "என்ன அது" என்பதற்குப் பதில் எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. வாயை அடைத்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டு மூன்று தடவை திரும்பப் படித்தேன். ஆனாலும் அவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பசுவந்தனைக்குப் பஸ் ஏறினேன். அறையில் விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் துப்பாக்கியும் தோளில்.

அவள் வேலிப்பக்கம் ஆட்டுக்குட்டிக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்து அவள் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை, "சுட்டியளா?"

"இல்ல" என்றேன்.

"ஒரு வாட்டி கூட?"

"ஒரு வாட்டி கூட இல்லட்டி."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்வி எனக்கு மறந்தே போயிற்று. உறையைக் கழற்றி வளையத்தைக் காட்டினேன். "தொட மாட்டேன்னு சொன்னியே?" என்றேன்.

"தொடலியே. பழந்தான் தொட்டுச்சு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

உனக்குப் புரிய வேண்டுமென்றால் அவள் பிறந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு வீடுமே ஆடு வளர்க்கிற வீடு. அவள் அப்பா கொம்பையா காடு காடாகப் போய் இரவில் ஆட்டை மடக்கிக் கிடை போடுகிறவர். புதுக்காட்டில் கிடை போடுகிற முதல் நாள் அவர் ஒரு எலுமிச்சையைக் கீறி, குங்குமம் தடவி, ஒரு சின்னக் கலயத்தின் வாயில் வைத்து அடைத்து, வெயிலுகந்தம்மன் பேரைச் சொல்லிக் கிடைமூலையில் வைப்பார். நரிக்கு வாய்க்கட்டு. அதற்குப் பிறகு நரி வந்தாலும் வாய் திறக்காது, ஆட்டைத் தொடாமல் போய்விடும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. கல்யாணமான புதிதில் நான்கூடப் பார்த்திருக்கிறேன். பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் அடியோடு மறந்துபோயிற்று.

"நான் கோவில்பட்டிக்கு யூனிபார்ம் தைக்கக் குடுக்கப் போயி ராத்தங்குன அன்னைக்கா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். "வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சதும் வச்சேன். நீங்க மறுநா பஸ்ஸுலதான வருவியன்னு விடியுமட்டும் விட்டுட்டேன். கறை புடிக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

"ஏட்டி, பழத்த வச்சா வெடிக்காதுன்னு ஒனக்கு எவ சொன்னா? நாலு திருடன் உள்ள வந்தா நான் என்ன செய்ய?"

"வெடிக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்? பொம்பளைன்னா கூறுகெட்டவளா?" கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "நரி வாயக் கட்டுனா நரி செத்தா போவுது? ஆட்டத் தொடாம அதும்பாட்டுக்குப் போவுது. அந்த மாதிரி இதுவும் உங்க தோள்ல தொங்கிட்டு அதும்பாட்டுக்கு வீட்டுக்கு வரட்டும்னு கட்டுனேன். இது வாயத் தொறக்குத நேரம் வந்துச்சுன்னா, எதுத்தாப்புல நிக்கிறவங்கிட்டயும் ஒண்ணு இருக்குமில்லா? அந்த நேரமே வரக்கூடாது. அதுக்குத்தான்."

தங்கச்சி, நான் எல்லையில் நின்ற வருஷமெல்லாம் இவள் என்னென்ன கட்டினாளோ, எதையெல்லாம் கட்டினாளோ. ஒரு நாளும் கேட்டதில்லை. துப்பாக்கியை வெறுக்கிறாள், என்னை மதிக்கவில்லை என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போய், கடலைமிட்டாய்க் கடை மாடியில் தனியாகப் படுத்துக் கிடந்தேன். அழுகை வந்தது. ஆட்டுக்குட்டியைத் தூக்குவது மாதிரி குனிந்துகொண்டேன்.

அறையைக் காலி செய்தாயிற்று. நேற்றிலிருந்து பசுவந்தனையிலிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன்.

அவள் உன்னிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். அந்தப் பூச்சை உன் கடையில் புதுசாகப் போட முடியுமாமே, அப்படிப் போட்டால் கட்டு அவிழ்ந்துவிடுமா? நான் இதையெல்லாம் கேட்டு எழுத மாட்டேன் என்றேன். "அந்தப் பிள்ளைதான் இம்புட்டையும் கண்டுபுடிச்சிருக்கு. அதுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்கிறாள்.

பூவனலிங்கம்


திருநெல்வேலி
18.8.2025

அண்ணாச்சிக்கும் ஆவுடைத்தாய் அக்காவுக்கும்,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்து முடிக்கும்வரை உள்ளே வந்த ஒருவரை நிற்கவைத்துவிட்டேன். சோறு இறங்காது என்று எழுதியிருந்தேன் அல்லவா, இன்றைக்கு நன்றாகவே இறங்கியது.

அக்கா, பூச்சைப் புதுசாகப் போட்டுத் தர முடியும். கட்டு அவிழுமா என்பது எனக்குத் தெரியாது. தொழிற்சாலைக்காரர்கள் கொடுக்கிற புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை. தெரியாத விஷயத்தில் கை வைக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. வளையம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அண்ணாச்சி லேசாக எண்ணெய் மட்டும் தடவிக்கொள்ளட்டும்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் பேசியதில்லை. போன தை மாதம் என் கடையில் வாங்கின துப்பாக்கியால் ஒருவர் வரப்புத் தகராறில் சொந்தத் தம்பியைச் சுட்டுவிட்டார். தம்பி பிழைத்துக்கொண்டார், ஒரு கால் போயிற்று. போலீஸ் வந்தது. எல்லாம் சட்டப்படி விற்றதுதான், கடைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உண்மைதான், சம்பந்தமில்லை. பொட்டலம் கட்டிக் கொடுத்துச் சிரித்த முகமாக அனுப்பிவைத்தது மட்டும்தான் நான்.

அதிலிருந்து யாராவது துப்பாக்கி கேட்டு வந்தால் அவர்கள் லைசென்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைப் பார்க்கிறேன். கண்ணைப் பார்த்து என்ன தெரிந்துவிடப் போகிறது? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. தொழிலை விடவும் முடியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, நன்றாகச் சுடுமா என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கடையின் மரச்சட்டத்தில் இன்னும் விற்காத துப்பாக்கிகள் நிற்கின்றன. அவற்றை யார் வாங்கப் போகிறார்களோ, எந்த ஊருக்குப் போகப் போகின்றனவோ தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சிக்கு லீவுதானே. அவர் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம், உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும். கடையை உங்களுக்காகத் திறந்து வைக்கிறேன். எலுமிச்சம்பழம் நான் வாங்கி வைக்கிறேன்.

ராதாமணி